ஒரு மூட்டை ஏலக்காயும் மஞ்சள் விளக்கும்

புது விளக்கைப் போட்டோம். ரோடு தெரியவில்லை. மரத்தின் உச்சிக் கிளையில் உட்கார்ந்திருந்த ஒரு குரங்கு தெரிந்தது.

அது எங்களைப் பார்த்தது, நாங்கள் அதைப் பார்த்தோம். தூக்கத்தைக் கெடுத்தவர்கள் யார் என்று பார்த்துக்கொண்டு ஒருமுறை பல்லைக் காட்டிவிட்டு அடுத்த கிளைக்குத் தாவிவிட்டது.

போடிமெட்டு ஏற்றம். விடிய இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. மோட்டார் சைக்கிளில் முன்னால் என் வீட்டுக்காரர் காதர், பின்னால் நான். எனக்கும் பின்னால் கேரியரில் இறுக்கிக் கட்டிய ஆட்டுக்கால் பாயாச் சட்டி. என் மடியில் இடியாப்பக் கூடை. ஊரே வந்து பார்த்துப் பாராட்டிய ஜோடி விளக்கு எங்கள் முன்னால் எரிந்துகொண்டிருக்கிறது, ஆனால் அது வானத்துக்கு எரிகிறது.

"மச்சான், ரோட்டைக் காணோம்," என்றேன்.

"எனக்கும்தான்," என்றார் அவர்.

அவ்வளவு காலையில் சட்டியோடு எங்கே போனோம் என்பதைச் சொல்லிவிட்டு அந்த வளைவுக்குத் திரும்பி வருகிறேன்.

தங்கச்சன் கொடுத்த ஒரு காலை

போடிமெட்டு உச்சியில், கேரள எல்லைக்குச் சற்று முன்னால் தங்கச்சனின் டீக்கடை இருக்கிறது. ஏலத் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிவரும் ஜீப்புகள் எல்லாம் கீழே போடியில் புறப்பட்டு அந்தக் கடை முன்னால்தான் மூச்சு வாங்கும். ஆட்கள் இறங்கி ஒரு டீ குடிப்பார்கள், சிலர் கொண்டுவந்த சோற்றுப் பாத்திரத்தை அங்கேயே பாதி காலி செய்வார்கள். அதற்குப் பிறகு ஜீப்புகள் ஆளுக்கொரு எஸ்டேட் பக்கம் பிரிந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரம்தான் வியாபாரம். அதைத் தவற விட்டால் அன்றைக்கு ஈ ஓட்டலாம்.

கடையின் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட சின்ன இடம் ஒன்று சும்மா கிடந்தது. அதில் என் இடியாப்பமும் பாயாவும் வைத்து விற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. கல்யாண வீடுகளில் என் பாயாவைச் சாப்பிட்டவர்கள் எல்லாம் "மைமூன், நீ ஒரு கடை போடு" என்று சொல்லிச் சொல்லியே என்னை ஏற்றிவிட்டிருந்தார்கள். போடிக்குள் கடைகளுக்குக் குறைவில்லை. மலை உச்சியில், குளிரில் நடுங்கிக்கொண்டு இறங்குகிற ஆட்களுக்குச் சுடச்சுட பாயா கொடுத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே எனக்குக் கை பரபரக்கும்.

ஆனால் அதே இடத்தைப் பூப்பாறைக்காரர் ஒருவரும் கேட்டிருந்தார், புட்டும் கடலையும் போட. தங்கச்சன் நியாயமான மனிதர். யாரையும் பகைக்க மாட்டார்.

"சேச்சி, திங்களாழ்ச்ச காலையில ஜீப்பு வர்றதுக்கு முன்னாடி வந்து வைக்கணும். ஆளுக நாளைக்கும் உண்டோன்னு கேட்டா ஸ்தலம் உங்களுக்கு. இல்லைன்னா புட்டுக்காரருக்கு," என்று முடித்துவிட்டார்.

ஒரே ஒரு காலை. அதில் ஜீப்புகளுக்கு முன்னால் நான் மேலே இருக்க வேண்டும்.

முதல் பஸ்சில் போனால் ஜீப்புகள் பிரிந்துபோன பிறகுதான் சேர முடியும். ஜீப்பிலேயே போகலாம் என்றால் அதில் ஆட்களே ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து வருகிறார்கள், என் சட்டி யார் மடியில் உட்காரும்? மிச்சம் இருந்தது எங்கள் மோட்டார் சைக்கிள். காலையில் என்னை மேலே விட்டுவிட்டு, அவர் வேலை பார்க்கும் ஏலக்காய் மண்டி திறப்பதற்குள் கீழே இறங்கிவிடலாம் என்று பேசி வைத்தோம்.

பழைய விளக்கின் குணம்

அந்த வண்டியின் பழைய விளக்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இன்ஜின் வேகமாக ஓடினால்தான் அது எரியும். வளைவு வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், குறைத்தால் விளக்கு மங்கும். வெளிச்சம் தேவைப்படாத நேரான ரோட்டில் ஜெகஜோதியாக எரியும். வளைவில் கண்ணை மூடிக்கொள்ளும். எங்கள் சொந்தக்காரர்கள் சிலரை எனக்கு ஞாபகப்படுத்துகிற விளக்கு அது.

போடியிலும் மலையடிவாரத்து முந்தலிலும் இதை வைத்துச் சமாளிக்கலாம். மலையில் மேகம் இறங்கிவிட்டால் முடியாது. மழைக்காலத்துக் காலைகளில் பாதி மலைக்கு மேல் எதிரில் வருகிறவர் முகமே தெரியாது. பொட்டிபுரத்து மலையைக் குடைந்து கண்ணுக்கே தெரியாத ஏதோ துகளைத் தேடப் போகிறார்கள் என்று அப்போது ஊரெல்லாம் ஒரே பேச்சு. எனக்கு அவ்வளவு பெரிய தேடல் எல்லாம் வேண்டாம், கண்முன்னால் இருக்கிற ரோடு தெரிந்தால் போதும் என்றிருந்தது.

"விளக்கை மாத்துவோம்," என்றேன்.

"மாத்த வேணாம், கூட ரெண்டு போடுவோம்," என்றார் அவர். சொன்ன கையோடு பால்பாண்டியின் ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பிவிட்டார். இந்த மனிதருக்கு எதிலும் அவசரம் கிடையாது. அன்றைக்குச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

பால்பாண்டி கடையில்

அந்த ஒர்க்‌ஷாப் சந்துக்குள் நான் போனதில்லை. பெண்கள் யாரும் போவதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. வண்டிகளும் ஆண்களும் அடைத்துக்கொண்டு நிற்கிற இடம், வீட்டு ஆண்பிள்ளை போய்விட்டு வருவான், அவ்வளவுதான். அதனால் அங்கே நடந்ததை எனக்கு அவர் சொன்னது வரையில்தான் தெரியும். அவர் சொல்லாமல் விட்டது பிறகுதான் தெரிந்தது.

கடைகளில் வெள்ளை வெளேர் என்று கண்ணைப் பறிக்கிற விளக்குகள்தான் முன்னால் தொங்குமாம். பையன்கள் எல்லாம் அதைத்தான் கேட்பார்களாம். பால்பாண்டி அதைத் தொடவே விடவில்லை. மேகத்துக்குள் வெள்ளை விளக்கைப் போட்டால் முகத்துக்கு நேரே வேட்டியைக் காயப்போட்ட மாதிரி இருக்கும், எதிரில் வருகிற ஜீப்புக்காரனுக்கும் கண் கூசும், மஞ்சள்தான் மலைக்குச் சரி என்றாராம். உள்ளங்கை அளவு இரண்டு மஞ்சள் விளக்குகளை எடுத்து, வண்டியின் முன்னால் இருக்கும் கால் காப்புக் கம்பியில் பக்கத்துக்கு ஒன்றாகத் தாழ்வாகப் பொருத்தினார். ஒயரைப் பெட்ரோல் டாங்கின் அடியில் கொண்டுபோய் பேட்டரியில் சேர்த்தார். இனி வண்டி மெதுவாகப் போனாலும் விளக்கு மங்காது. ஹேண்டில்பாரில் கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில் தனி சுவிட்ச். கடைசியில் இருட்டியதும் எதிர்க்கடை ஷட்டரில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டு, வெளிச்சம் அந்தக் கோட்டுக்குக் கீழே விழுகிற மாதிரி விளக்கைத் திருப்பி நட்டை முறுக்கினார். இரண்டு விளக்குக்கு எதற்கு என்று கேட்காதீர்கள், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார்.

வண்டி எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் அவர் சுவிட்சைத் தட்டினார். தெருவின் அந்தக் கோடி வரைக்கும் பொன் போல வெளிச்சம். சாக்கடை ஓரம் படுத்திருந்த ஆடு எழுந்து நின்றது. பக்கத்து வீட்டார் வெளியே வந்தார்கள். நான் சுவிட்சைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து, பேட்டரி தீர்ந்துவிடும் என்று அவர் கையைப் பிடிக்கிற வரைக்கும் விடவில்லை. அப்படி ஒரு சந்தோஷம். என் கடைக்கே விளக்கு போட்டாகிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

நடுவில் ஒரு பழைய கதை

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும்.

கல்லூரி நாட்களில் என் அண்ணனிடம் கியர் வண்டி இருந்தது. எனக்கும் கற்றுக்கொடு என்று நான் அவனை நச்சரித்துக்கொண்டே இருப்பேன். தொல்லை தாங்காமல் விடுமுறை நாள் ஒன்றில் ஏலக்காய் மண்டிக்குப் பின்னால் இருந்த காலி இடத்துக்குக் கூட்டிப்போனான். காற்றில் கூட ஏலக்காய் மணக்கிற இடம். ஒருமுறை ஓட்டிப் பயந்துவிட்டால் இனி கேட்க மாட்டாள் என்று அவன் போட்ட கணக்கு. நான் பயப்படவில்லை. சாயங்காலம் அவன்தான் "எறங்கு ஆத்தா, வீட்டுக்குப் போகணும்" என்று கெஞ்சினான்.

பிறகு லைசென்ஸ் எடுத்தபோது ஸ்கூட்டிக்கு எடுக்கிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நான் கியர் வண்டிக்கும் சேர்த்தே எடுத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரரின் வண்டியைச் சந்தை வரைக்கும் இரண்டொரு முறை ஓட்டியிருக்கிறேன். மலைக்கு ஓட்டியதில்லை. யாரும் ஓட்டச் சொல்லவும் இல்லை, நானும் கேட்கவில்லை.

மேகத்துக்குள்

இனி அந்தத் திங்கட்கிழமை.

சட்டியின் மூடியைச் சுற்றி மாவு பிசைந்து அடைத்து, துணியால் கட்டி, கேரியரில் ஏற்றினோம். முந்தல் தாண்டும் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. தெருவிளக்குகளும் எதிரில் வந்த வண்டிகளும் இருந்ததால் எங்கள் விளக்கு எங்கே விழுகிறது என்று நாங்கள் கவனிக்கவே இல்லை. ஏற்றம் ஆரம்பித்த பிறகுதான் அந்தக் குரங்கு தெரிந்தது.

இன்னும் இரண்டு மூன்று வளைவு ஏறியதும் மேகம் வந்து மூடியது. மரத்தைப் பார்த்து எரிந்த விளக்கு இப்போது மேகத்தின் வயிற்றில் எரிந்தது. முன்னால் ஒரே மஞ்சள் சுவர். புது விளக்கை அணைத்தால் பழைய விளக்கு கண் சிமிட்டுகிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் எது ரோடு என்று தெரியவில்லை. ரோட்டோரக் கைப்பிடிச் சுவரை ஒட்டி அவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் கீழே இருந்து ஜீப்புச் சத்தம் கேட்டது. ஒன்று இல்லை, வரிசையாக வருகின்றன. இன்னும் கொஞ்ச நேரத்தில் எங்களைத் தாண்டிப் போய்விடும். தாண்டிவிட்டால் தங்கச்சன் கடையில் நாளை முதல் புட்டும் கடலையும்தான். மடியில் இருந்த கூடையின் சூடு என் கையில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சுவர் எங்கே முடிகிறது என்று பார்ப்பதற்காகக் கூடையோடு இறங்கினேன்.

நான் இறங்கினேன், விளக்கும் இறங்கியது.

மேகத்துக்கு அடியில் தார் ரோடு தெரிந்தது. ஓரத்து வெள்ளைக்கோடு தெரிந்தது. ஈரத்தில் கிடந்த ஒரு இலை கூடத் தெரிந்தது.

மறுபடி ஏறினேன், ரோடு காணாமல் போனது. மறுபடி இறங்கினேன், வந்துவிட்டது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் அமுங்குகிறது, முன்பக்கம் தூக்குகிறது, விளக்கு வானம் பார்க்கிறது.

"பால்பாண்டி பின்னாடி லோடு வைக்காமலா கோடு போட்டாரு?" என்று கேட்டேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த மனிதர் எதையாவது மறைத்தால் கண்ணாடியைத் துடைப்பார்.

"வச்சுத்தான் போட்டான். சட்டில தண்ணிய ஊத்திக் கட்டினோம். பின்னாடி யாரு உக்காருவாங்கன்னு கேட்டான். வீட்டாளுன்னேன். அம்புட்டுக்கு ஒரு லோடக் கொண்டாங்க பாய்னான். மண்டிலருந்து ஒரு மூட்டை ஏலக்காயக் கொண்டுபோயி வச்சேன்."

"ஒரு மூட்டையா? நானா?"

வாசகர்களுக்கு ஒரு விவரம். ஒரு மூட்டை என்றால் ஐம்பது கிலோ. என் வீட்டுக்காரர் ஏலக்காய் மண்டியில் எடை போடுகிறவர். ஒரு கை காயை அள்ளி உள்ளங்கையில் வைத்தே எடை சொல்லிவிடுவார், தராசு அதற்குப் பிறகுதான் ஆமாம் என்று சொல்லும். அவருக்கு என் எடை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

"எடை போடுற ஆளு செய்யிற சோலியா மச்சான் இது?"

"அத்தனை பேரு நிக்கிற எடத்துல, எம்பொஞ்சாதி ஒன்றரை மூட்டைன்னு சொல்லச் சொல்றியா?" என்றார் பாவமாக.

கோபமாகத்தான் இருந்தது. அந்தக் கோபத்துக்குள்ளேயே சிரிப்பும் வந்தது. சபையில் என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக என்னை மலையில் கொண்டுவந்து கண்ணைக் கட்டி விட்டிருக்கிறார். திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. விளக்கைத் திருப்பலாம் என்றால் நட்டை முறுக்கிய ஸ்பானர் பால்பாண்டி கடையில் இருக்கிறது. ஜீப்புச் சத்தம் இரண்டு வளைவுக்குக் கீழே வந்துவிட்டது.

நான் அவரைப் பார்த்தேன். கல்யாணத்தன்று இருந்த அதே உடம்பு, ஒரு சுற்றுக் கூட ஏறவில்லை. என் மண்டைக்குள்ளும் ஒரு விளக்கு எரிந்தது.

"நீங்க எம்புட்டு இருப்பீங்க?"

"ஒரு மூட்டைதான்," என்றவர், சொன்ன பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப வெரசா பின்னாடி ஏறுங்க. நான் ஓட்டுறேன்."

அவர் மறுத்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஒரு நொடி பள்ளத்தைப் பார்த்தார், ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு இறங்கி, கூடையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

மஞ்சள் விளக்கின் பின்னால்

பர்தாவை முழங்காலுக்குக் கீழே இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன். அவர் பின்னால் ஏறினார். விளக்கு மெல்ல எழுந்து, சரியாக நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. ஷட்டரில் போட்ட சுண்ணாம்புக் கோடு இங்கே ரோட்டில் போட்ட மாதிரி.

முதல் கியர். வண்டி ஏறியது.

அந்த ஏற்றத்தை நான் என்னவென்று சொல்ல. மேகம் மேலே நிற்கிறது, அதற்கு அடியில் மஞ்சள் வெளிச்சம் விரித்துக்கொண்டே போகிறது, நான் அதன் பின்னால் போகிறேன். வளைவில் வேகத்தைக் குறைக்கிறேன், விளக்கு மங்கவில்லை. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வெள்ளைக்கோடு எனக்கு முன்னால் திரும்பி வழிகாட்டியது. ஈர மண் வாசமும் பாயா வாசமும் சேர்ந்து அடித்தன. பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. பின்னால் இருந்தவர் வளைவுக்கு வளைவு மெதுவாக பிஸ்மி சொல்லிக்கொண்டு வந்தார்.

பாதி வழியில் முதல் ஜீப்பு எங்களைப் பிடித்துவிட்டது. முதுகில் வெள்ளை வெளிச்சம். ஒருமுறை ஹார்ன் அடித்தான். ஓரம் கொடுத்தேன். அவன் தாண்டவில்லை. இன்னொரு வளைவு போனேன், அங்கேயும் தாண்டவில்லை. என்ன ஆயிற்று என்று அவரைத் திரும்பிப் பார்க்கச் சொன்னேன்.

"அத்தனை ஜீப்பும் நம்ம பின்னாடியே வருது," என்றார் அவர். குரலே மாறியிருந்தது.

அவர்கள் விளக்கு வெள்ளை விளக்கு. மேகத்தில் அவர்களுக்கும் வேட்டிதான் தெரிந்திருக்கிறது. ரோடு தெரிந்த ஒரே வண்டி எங்களுடையது. அன்றைக்கு போடிமெட்டு ஏறிய வேலையாட்கள் அத்தனை பேரும், என் பாயாவைத் தின்ன வேண்டியவர்கள் அத்தனை பேரும், என் விளக்கைப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார்கள்.

தங்கச்சன் கடை முன்னால் வண்டியை நிறுத்தினேன். ஜீப்புகள் பின்னால் வரிசையாக வந்து நின்றன. முதல் ஜீப்பை ஓட்டிவந்த ராசு குதித்திறங்கி நேரே என் வீட்டுக்காரரிடம் போய், மேகத்துக்குள்ள அருமையா ஓட்டுனீங்க பாய் என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

அவர் கூடையோடு நின்றபடி என்னைக் கை காட்டினார். ராசு என்னைப் பார்த்தான். ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பெண்களும் பார்த்தார்கள். அவர்களில் தலையில் துண்டு கட்டியிருந்த ஒரு ஆத்தா, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அதான் இன்னைக்கு எங்க ஜீப்பும் வளைவுல தூக்கிப்போடாம வந்துச்சு," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

சட்டியைத் திறந்ததும் ஆவி எழுந்து மேகத்தோடு கலந்தது. அடுத்த சில நிமிடங்கள் எனக்கு நிமிரவே நேரமில்லை. இடியாப்பத்தை வைக்க, பாயாவை ஊற்ற, அதற்குள் அடுத்த தட்டு. கூடையின் அடியில் வாழையிலை மட்டும் மிஞ்சியபோது, அந்தத் துண்டு கட்டிய ஆத்தாதான் விரலை நக்கிக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கும் வருவியா?"

நான் தங்கச்சனைப் பார்த்தேன். அவர் உள்ளே போய், பக்கத்து இடத்தின் சாவியைக் கொண்டுவந்து பாயா ஒட்டாத என் இடது கையில் வைத்தார்.

மறுபடியும் அந்தச் சந்து

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விளக்கின் நட்டை ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று அவர் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன். வராதே என்று அவர் சொல்லவில்லை.

ஒர்க்‌ஷாப் சந்துக்குள் நானே வண்டியை ஓட்டிக்கொண்டு நுழைந்தேன். வண்டிகளுக்கு நடுவில் நின்றவர்கள் கொஞ்சம் விலகி வழிவிட்டார்கள். பால்பாண்டி "வாங்கக்கா" என்று எழுந்து நின்று, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்பானரை எடுத்தார். மலையில் நடந்தது அவர் காதுக்கும் வந்திருந்தது. ஆனாலும் தொழிலில் சுத்தம். விளக்கில் கை வைக்கும் முன்னால் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"பின்னாடி லோடு என்ன பாய்?"

அத்தனை பேர் நிற்கிற இடத்தில், என் வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைக்காமல், தலையை நிமிர்த்திச் சொன்னார்.

"நான்தான் லோடு. சரியா ஒரு மூட்டை."

பால்பாண்டி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஸ்பானரைப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்.